மஹீனின் குதிரைகளும் மஞ்சப்பையில் கிடக்கும் கேசட்டுகளும்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், வெள்ளைக்காரப் பயணிகள் படித்துவிட்டுப் போட்டுப்போகும் புத்தகங்களை வாங்கி விற்கிற கடைகள் இருந்தன. 2009-ல், எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சமயம், அப்படியொரு கடையின் அட்டைப்பெட்டியிலிருந்து இருபது ரூபாய்க்கு ஒரு கேசட் எடுத்தேன். அட்டை முழுக்க வங்க எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வாங்கியதற்குப் பெரிய காரணமும் இல்லை. வீட்டில் சித்தப்பாவின் டேப் ரெக்கார்டர் சும்மா கிடந்தது, அவ்வளவுதான். செங்கல்பட்டு வந்து போட்டுக் கேட்டால், அதிலிருந்த ஒரு பாட்டின் மெட்டு ஏற்கெனவே காதில் இருந்த மெட்டு. 2006-ல் வந்த 'கேங்ஸ்டர்' என்கிற இந்திப் படத்தின் 'பீகி பீகி'. அந்த வருஷங்களில் பஸ்ஸில் நாலு பேராவது செல்போனில் அதை அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்திப் பாட்டை வங்காளத்தில் காப்பி அடித்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நடந்தது நேர் எதிர் என்று தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆச்சு.

அந்தக் கேசட்டின் பெயர் 'ஆபார் பொச்சோர் குரி போரே'. மறுபடியும் இருபது வருடங்கள் கழித்து என்று பொருள். 1995-ல் கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வெளியானது. வெளியிட்டவர்கள் 1981-லேயே கலைந்துபோன ஒரு ராக் குழு: 'மொஹினேர் கோராகுலி', அதாவது மஹீனின் குதிரைகள். இன்றைக்கு வங்கத்தின் முதல் ராக் குழு என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டத்தை விட்டுவிடலாம். தொலைந்துபோன ஓர் இசை எப்படித் திரும்பி வருகிறது, திரும்பி வரும்போது எதைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறது என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வி வங்காளத்தோடு முடிந்துவிடுகிற ஒன்றல்ல என்பதால்தான் ஒரு தமிழ்ச் சிறுபத்திரிகையில் இதை எழுத வேண்டியிருக்கிறது.

குழு தொடங்கியது 1975-ல். ஏழு பேர் என்பதால் முதலில் 'சப்தரிஷி' என்று பெயர். பிறகு குழுவில் ஒருவரான ரஞ்சன் கோஷால், ஜீவனானந்த தாஸின் 'கோரா' (குதிரை) கவிதையிலிருந்து இந்தப் பெயரை எடுத்துக்கொடுத்தார். அந்தக் கவிதை இடம்பெற்ற 1948-ம் வருடத் தொகுப்பின் தலைப்பும் 'ஏழு நட்சத்திரங்களின் இருள்' என்றே பொருள்படும். ஒரு ராக் குழு தன் பெயரை நவீன கவிஞனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதை நம் சூழலில் வைத்து யோசித்துப் பாருங்கள். நகுலனின் வரியொன்றைப் பெயராக வைத்துக்கொண்டு எழுபதுகளில் மயிலாப்பூரிலோ நாகர்கோவிலிலோ ஒரு கிட்டார் குழு கிளம்பியிருக்குமா? கவிதைக்கும் பாட்டுக்கும் நடுவில் இங்கே சினிமா ஒரு சுவராக நின்றது. அங்கேயும் நின்றது. இவர்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

1977, 78, 79 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று சிறிய இசைத்தட்டுகள். மூன்றையும் சேர்த்தால் பத்துப் பாட்டுகூடத் தேறாது. முதலாவதன் பெயர் 'கலவரமுற்ற பறவைக் கூட்டமும் கல்கத்தா பற்றியும்' என்று வரும். இரண்டாவது அடையாளம் தெரியாத பறக்கும் பொருளைப் பற்றியது. இந்தத் தலைப்புகளே அன்றைய வங்காளத்துக்குக் கிறுக்குத்தனம். ஏனென்றால் அங்கே மத்தியதர வர்க்கத்துக்கு ரவீந்திர சங்கீதம் இருந்தது, வானொலிக்கு 'ஆதுனிக்' பாட்டு இருந்தது, இடதுசாரிகளுக்கு சலில் சவுத்ரி காலத்திலிருந்து வந்த 'கண சங்கீத்' இருந்தது. கிட்டார், வயலின், புல்லாங்குழல், சாக்ஸபோன், அதோடு பவுல் பாடகனின் தொண்டை, பயிற்சி பெறாத இளைஞர்களின் கூட்டுக்குரல் என்று வந்த இந்தப் பொருளை எந்தப் பெட்டியிலும் போட முடியவில்லை. 'பவுல் ஜாஸ்' என்று அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். வாங்க ஆளில்லை.

குழுவின் மையமாக இருந்த கௌதம் சட்டோபாத்யாய பிரசிடென்சி கல்லூரி மாணவர். நக்சல்பாரி அலையில் இயக்கத்துக்குப் போனவர். தலைமறைவு, கைது, சிறை. வெளியே வந்தபின் ஊரைவிட்டு போபாலிலும் ஜபல்பூரிலும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகச் சுற்றியவர். ராக் இசையில் 'அண்டர்கிரவுண்ட்' என்பது ஒரு பாணி. இவர் விஷயத்தில் அது போலீஸ் பதிவேட்டில் இருக்கும் சொல்.

தோழர்கள் உடனே கேட்பது, அப்படியானால் பாட்டில் நக்சல்பாரி எங்கே என்று. இல்லை. துப்பாக்கி இல்லை, தியாகி இல்லை, செங்கொடி இல்லை. இதைப் பின்வாங்கல் என்று வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. 1971 ஆகஸ்டில் காசிப்பூர்–பராநகரில் இளைஞர்கள் வீடுவீடாகத் தேடிக் கொல்லப்பட்ட நகரம் அது. ஆறு வருஷம் கழித்து, இடது முன்னணி ஆட்சிக்கு வந்த அதே 1977-ல், அந்த நகரத்தில் ஒருவன் பயந்துபோன பறவைகளைப் பற்றிப் பாடுகிறான். கட்சி மொழியில் சொல்ல முடியாமல் போன தோல்வி, கூட்டுக்குரலின் சற்றே பிசகிய சுருதியில் உட்கார்ந்திருக்கிறது. வரிகளை மட்டும் மொழிபெயர்த்துப் படிக்கிறவருக்கு இது பிடிபடாது. நம் விமர்சனம் இசையைப் பற்றி எழுதுவதே அபூர்வம். எழுதினாலும் பாட்டு வரிகளைக் கவிதையாகப் பாவித்து எழுதிவிட்டுப் போய்விடும். சத்தத்துக்குக் காது கொடுப்பதில்லை.

1981-க்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம். ரஞ்சன் கோஷால் பெங்களூர் போனார். ஒருவர் அமெரிக்கா. கௌதம் படம் எடுக்கப் போனார். 1983-ன் 'நாகமோதி' சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. பாட்டுகள் போயே போச்சு.

பிறகுதான் 1995. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தொலைந்துபோன ராக் குழு மீட்கப்படுவது என்றால் இன்றைக்கு உலகம் முழுக்க ஒரே நடைமுறைதான். எழுபதுகளில் சிம்லா என்கிற சிகரெட்டை விற்க இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி நாடு முழுக்கக் குழுக்களுக்குப் போட்டி நடத்தி, 1970-லும் 71-லும் 'சிம்லா பீட்' என்று இரண்டு இசைத்தட்டு போட்டது. இங்கே எல்லாரும் மறந்துவிட்ட அந்தத் தட்டுகளை மேற்கத்திய சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்கினார்கள், மறுபதிப்புகளும் வந்தன. பம்பாயின் 'அட்டாமிக் ஃபாரஸ்ட்' குழுவின் பதிவுகளை 2011-ல் கலிபோர்னியாவின் ஒரு நிறுவனம் மறுவெளியீடு செய்தது. அழகான அட்டை, நீண்ட குறிப்பு, பழைய புகைப்படம். மூன்றாம் உலகத்தில் புதையல் கிடைத்த சந்தோஷம். குறை சொல்லவில்லை, அவர்கள் செய்யாவிட்டால் யாரும் செய்திருக்கப் போவதில்லை. ஆனால் அந்த மீட்பில் பதிவு ஓர் அரும்பொருள். அது பேசுகிற மொழிக்குள் அது திரும்பிப் போவதில்லை.

கௌதம் செய்தது வேறு. பழைய தட்டுகளை அப்படியே மறுபதிப்பு செய்யவில்லை. இளைய பாடகர்களையும் குழுக்களையும் கூப்பிட்டார். பழைய பாட்டுகளில் சிலவற்றையும், புதிதாக எழுதப்பட்டவற்றையும், மற்றவர்களின் பாட்டுகளையும் சேர்த்துப் பாடவைத்தார். கேசட்டின் மேல் 'மொஹினேர் கோராகுலி ஷொம்பாதித' என்று போட்டார். ஷொம்பாதித என்றால் தொகுத்துப் பதிப்பித்தது. (நம்மூரில் அந்தச் சொல்லுக்குப் பணம் வந்துவிட்டது.) பாடியது, இசையமைத்தது என்று போட்டுக்கொள்ளவில்லை, பதிப்பித்தது என்றார். ஒரு ராக் குழு தன்னைப் பத்திரிகை ஆசிரியராக அறிவித்துக்கொள்கிறது; இசைக்கடையை விட்டுவிட்டுப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறது. 1999 வரைக்கும் இப்படி நான்கு தொகுப்புகள். அந்த வருஷமே கௌதம் இறந்தார். 1992-ல் சுமன் சட்டோபாத்யாயவின் 'தொமாக்கே சாய்' வந்து, சினிமாவுக்கு வெளியே பாட்டு கேட்கிற கூட்டம் ஒன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன் யாரும் சீந்தாத குழுவின் பெயர், ஒரு தலைமுறைக்குப் பொதுச்சொத்தாகிவிட்டது.

ஆக, தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவர இரண்டு வழி: சேகரிப்பாளன் வழி, பதிப்பாசிரியன் வழி. என் சார்பு இரண்டாவதன் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் இரண்டாவதற்கும் விலை உண்டு. முதல் தட்டின் அந்தப் பிசகிய சுருதி 1995-ல் இல்லை. நல்ல ஸ்டுடியோ, நல்ல குரல்கள், சுலபமாகப் பிடித்துக்கொள்கிற மெட்டு. அதிலும் அதிகம் பிடித்துக்கொண்டது 'பிருதிபி'. உலகம் சுருங்கிச் சுருங்கி, சாட்டிலைட்டும் கேபிளும் வந்து, வரவேற்பறைப் பெட்டிக்குள் அடைபட்டுப்போனதைப் பற்றிய பாட்டு. உலகமயமாக்கல் என்று நாம் பக்கம்பக்கமாக எழுதியதை அவர்கள் நாலு நிமிஷத்தில் பாடிவிட்டார்கள். பதினோரு வருஷம் கழித்து அதே மெட்டு, பங்களாதேஷ் ராக் பாடகர் ஜேம்ஸின் குரலில் மழையில் நனைகிற காதல் பாட்டாகி, அதே கேபிள் வழியே அதே பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து செங்கல்பட்டு பஸ்ஸுக்கு வந்தது. மூலத்தின் கோபம் எனக்கு வந்துசேர்ந்த வழி இது.

முதல் தட்டிலிருக்கும் 'ஹாய் பாலோபாஷி'யைப் பிற்பாடு யூடியூபில்தான் கேட்டேன். தனக்குப் பிடித்தவற்றை ஒருவன் பட்டியல் போடுகிறான்: பிக்காசோ, புனுவேல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன். (நம் சிறுபத்திரிகைத் தலையங்கங்களுக்கும் இந்தப் பட்டியலுக்கும் பெரிய வித்தியாசமில்லை.) பிறகு மெட்டு திரும்புகிறது. கிராமத்திலும் துறைமுகத்திலும் அவர்கள் வேலை செய்வதை, வேர்வை சிந்துவதைப் பார்க்கும்போது இது எதுவுமே பிடிக்காமல் போகிறது என்கிறான். 'அவர்கள் வேலை செய்கிறார்கள்' என்பதற்கு வங்காளத்தில் 'ஓரா காஜ் கொரே'. தாகூரின் கடைசிக் காலக் கவிதையொன்றின் பெயரும் அதுதான். படித்த வங்காளிக்கு உடனே மணி அடிக்கும்.

எங்கள் பக்கம் மறைமலைநகர், மகேந்திரா சிட்டி என்று எங்கே கட்டடம் எழும்பினாலும் வங்காளத்திலிருந்து வந்த ஆட்கள் இருப்பார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் தங்கியிருந்த, முர்ஷிதாபாத்திலிருந்து வந்த சென்ட்ரிங் ஆள் ஒருவர் பழக்கமானார். என் ஓட்டை இந்தியிலும் அவருடைய ஓட்டைத் தமிழிலும் பேசிக்கொள்வோம். அவரிடம் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மொஹினேர் கோராகுலி? கேள்விப்பட்டதே இல்லை. ஜேம்ஸ் தெரியும்; போனில் ஜேம்ஸ் பாட்டு இருபது வைத்திருந்தார். முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். அந்த இடம் வந்தபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், விமர்சகனின் அசட்டு ஆர்வத்தோடு. "ஆமாண்ணா, வேல செய்றோம். அதுல பாட என்ன இருக்கு?" என்றார். கொஞ்சம் கழித்து, "பாபுங்க பாட்டு அண்ணா, நல்லாத்தான் இருக்கு" என்று சமாதானமும் சொன்னார்.

பாட்டு 'அவர்கள்' என்றதை அவர் 'றோம்' ஆக்கிவிட்டார். இதை வைத்து அந்தப் பாட்டைத் தள்ளிவிட முடியுமா? முடியாது. தனக்கும் உழைப்பவனுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அது மறைக்கவில்லை. 'நாம்' என்று பொய்யாகக் கட்டிப்பிடிக்கவில்லை. கண சங்கீத்திலும் நம்முடைய மேடைப் பாட்டிலும் இந்தப் பொய் தாராளமாக உண்டு. ஆனால் அந்த நேர்மையும் அவரைப் பொறுத்தவரை பாபுக்களின் உள்விவகாரம்தான். மீட்கப்பட்ட குழு யாருக்காக மீட்கப்பட்டது என்கிற கேள்வியை நான் படித்த எந்தப் பாராட்டுக் கட்டுரையைவிடவும் கூர்மையாகக் கேட்டவர் அந்தச் சென்ட்ரிங் ஆள்.

நம்மிடம் 'றோம்' என்று பாடிய பதிவு இல்லையா? இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே இருந்தது.

சித்தப்பா தொண்ணூறுகளில் இயக்க வேலையில் அலைந்தவர். பரண்மேல் ஒரு மஞ்சப்பை நிறைய கேசட். அதில் ஒன்றின்மேல் பால்பாயிண்ட் பேனாவில் 'அக். 10' என்று எழுதியிருந்தது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதி தெரியும். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்பையொட்டி, 1892-ல் ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். அவை கைமாறிப் போயிருந்தன. மாமல்லபுரத்துக்குப் பக்கம் காரணையில் அந்த நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள். இரண்டு வருஷம் கழித்து நடந்த ஒரு நினைவுக் கூட்டத்தில் சித்தப்பா டூ-இன்-ஒன்னில் பிடித்த கேசட் அது.

அன்று பாடிய பாட்டுகளின் வரிகள் ஒரு சின்னப் பாடல் புத்தகமாக அச்சில் இருக்கிறது. அதுவும் அதே பைக்குள். இங்கேதான் நம் பழக்கம் அம்பலமாகிறது. வரிகளை அச்சடித்தோம், பத்திரப்படுத்தினோம், சத்தத்தைப் பூஞ்சைக்குக் கொடுத்தோம். பாட்டு நமக்குத் துண்டறிக்கையின் இன்னொரு வடிவம்; செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் குரலுக்கு வேலை முடிந்தது. இன்குலாபின் 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரனின் தொண்டை இல்லாமல் ஊர் ஊராகப் போயிருக்குமா? அரசுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். 2015 அக்டோபரில் ம.க.இ.க.வின் கோவனைத் திருச்சியில் கைது செய்து 124-அ போட்டது மதுக்கடைகளுக்கு எதிரான பாட்டுக்காக. அதே கருத்தைக் கட்டுரையாக எழுதியவர்கள் எத்தனையோ பேர், அவர்களைத் தேடி ராத்திரியில் யாரும் வரவில்லை.

கேசட்டைப் பிரித்து, ரீலைப் பென்சிலால் சுற்றி, அறுந்த இடத்தை ஒட்டி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஓட்டினேன். முதலில் இருமல். பிறகு பறையைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்க்கிற சத்தம், நடுவில் மைக்கின் கீச்சு. பாட்டு தொடங்குகிறது. முன்பாட்டுக்காரர் பல்லவியை முடிப்பதற்கு முன்னமே பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள், அரைத் தாளம் முந்தி. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அவர்களுக்குப் பொறுமையில்லை. புத்தகத்தில் 'தியாகிகளே' என்று அச்சாகியிருக்கும் இடத்தில் ஒரு பெண் குரல் 'தாமசு, ஏழுமல' என்று பேரைச் சொல்லி இழுக்கிறது, சாயங்காலத்தில் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி. அடுத்த சுற்றில் மற்ற பெண்களும் அதையே பாடுகிறார்கள். முன்பாட்டுக்காரர் மட்டும் கடைசிவரை 'தியாகிகளே'. ஒரே பாட்டுக்குள் இரண்டு பிரதி. அச்சுப் புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. 'நாங்க' என்று பாடுகிற பாட்டுக்குள்ளேயும் ஓர் 'ஓரா' உண்டு.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியபோது, இனி இந்தப் பழைய பைகளுக்கும் விடிவு வரும் என்று நினைத்தேன். அவர்கள் வேலை புதுப் பாட்டு. அதைப் பிரமாதமாகச் செய்தார்கள். பழைய நாடாக்களுக்கு வேண்டியது பாடகர் இல்லை, பதிப்பாசிரியர்.

அந்த வேலையின் சிக்கல் என்ன என்பது கைவைத்த பிறகுதான் புரிகிறது. கூட்டம் நடந்தபோது டூ-இன்-ஒன்னில் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நாடா மெதுவாக ஓடிப் பதிவாகியிருப்பதால், இப்போது சரியான வேகத்தில் போட்டால் போகப்போக எல்லாக் குரலும் வேகமாகி, மெலிந்து, சிறுபிள்ளைக் குரலாகிவிடுகிறது. சென்னையில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் நண்பர் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் நேராக்கிவிடலாம், இரைச்சலை எடுத்துவிடலாம், முன்பாட்டுக்காரர் குரலைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றார். தூக்கினால் பெண்கள் பின்னுக்குப் போய்விடுவார்கள். கல்கத்தாவில் 1995-ல் நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. எதையும் தொடாதீர்கள், இருப்பதை இருக்கிறபடி மாற்றிக் கொடுங்கள் போதும் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

சித்தப்பாவிடம் போட்டுக் காட்டினேன். இருமலைக் கேட்டதும் யாருடைய இருமல் என்று சொல்லிவிட்டார். பெண் குரல் வந்தபோது முகம் சுருங்கியது. "இது யாருடா? இப்படிக் கீச்சுகீச்சுன்னு பாடமாட்டாங்களே அவங்க. கட்டக் குரல் அவங்களுக்கு." மறுபடி நண்பரிடம் ஓடி, வேகத்தை மட்டும் சரிசெய்து கொண்டுவந்தேன். கேட்டார். "ம். இப்பதான் அவங்க." அந்த அக்காவின் பேரைச் சொன்னார், எந்தக் குடியிருப்பு, இப்போது எந்த மகள் வீட்டில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். போய்ப் பார்த்து, கேட்க வைத்து, பேரைப் போடலாமா என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

தொடக்கூடாது என்று நான் பிடித்த பிடிவாதத்தில் பாதி சேகரிப்பாளன் பிடிவாதம்தான் என்று இப்போது தோன்றுகிறது. மற்ற பாதியை விடுவதாக இல்லை. கேசட்டின் இரண்டாம் பக்கத்தை இன்னும் ஓட்டவில்லை. அதில் பூஞ்சை அதிகம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஹெட்டைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்ட வேண்டும்.